மூன்று மாதமாகக் குரல் கரகரக்கிறது, குரல் நாண்களில் முடிச்சு என்கிறார்கள்: அறுவை சிகிச்சை தேவையா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: நீங்கள் ஓர் ஆசிரியை. மூன்று மாதமாகக் குரல் கரகரக்கிறது, மாலையானால் பாதிச் சொற்கள் வெறும் காற்றாகப் போகின்றன. எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்த மருத்துவர் இரண்டு குரல் நாண்களிலும் சிறு முடிச்சுகள் இருப்பதாகவும் அவற்றை அறுவை சிகிச்சையால் எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். இன்னொருவர் வயிற்று அமிலம்தான் காரணம் என்று மாத்திரை எழுதினார். வீட்டிலிருப்பவர்கள் ஒரு மாதம் வாயே திறக்காதே, பேசியே தீரவேண்டுமானால் குசுகுசுவென்று பேசு என்கிறார்கள். இந்த மூவரில் யார் சொல்வது சரி என்பது நீங்கள் எழுதிய கேள்வி. குரல்வளையே கெட்டுவிட்டதா, அல்லது அதைக் கையாளும் முறையில்தான் பிழையா என்பதே உங்களை உறுத்தும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர்களோடு சேர்ந்து பல ஆண்டுகளாகக் குரல் சிகிச்சை அளித்து வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் குரல் நாண்களை நான் பார்க்கவில்லை. ஆகவே உங்களுக்கு இருப்பது முடிச்சுதான் என்று இங்கிருந்தபடி என்னால் உறுதி கூற இயலாது. அதைப் பார்த்தவர் சொன்னது சரி என்று வைத்துக்கொண்டுதான் பின்வருபவற்றை எழுதுகிறேன்.

குரல்வளை பேசுவதற்காகவே அமைந்த உறுப்பு என்று பலரும் எண்ணுகிறார்கள். அதன் முதல் வேலை காவல். நாக்கின் அடிப்பகுதிக்குக் கீழே முன்புறம் மூச்சுக்குழாயும் பின்புறம் உணவுக்குழாயும் பிரியும் இடத்தில், மூச்சுவழியின் வாசலில் அது அமர்ந்திருக்கிறது. நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் உறுப்பு முழுவதும் மேலே எழும்பி முன்னே நகர்கிறது. குரல்வளை மூடி என்ற இலை போன்ற தகடு பின்னால் சாய்கிறது. அதற்குக் கீழுள்ள போலிக் குரல் நாண்களும், அவற்றுக்கும் கீழுள்ள உண்மையான குரல் நாண்களும் ஒன்றையொன்று தொட்டு வழியை அடைக்கின்றன. அந்தச் சிறு பொழுதுக்கு மூச்சும் நின்றுவிடுகிறது. இந்த ஒழுங்கு கொஞ்சம் பிசகினால் புரையேறுகிறது. இருமும்போது நாண்கள் இறுக மூடி, உள்ளே காற்றின் அழுத்தம் ஏறியதும் படீரென்று திறந்து, உள்ளே புகுந்ததை வெளியே தள்ளுகின்றன. பளு தூக்கும்போதும், மலம் கழிக்க முக்கும்போதும், பிரசவ வேதனையின்போதும் மார்புக்குள் காற்றைப் பூட்டிவைப்பது இதே நாண்கள்தாம். இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இறுக மூடுவது இந்த உறுப்பின் பழைய, வலுவான இயல்பு. களைத்துப்போன குரலை வலிந்து எழுப்ப முயலும் எவரும் தம்மையறியாமல் இந்த மூடும் விசையைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். போலி நாண்கள் நெருக்குகின்றன, கழுத்துத் தசைகள் புடைக்கின்றன, குரல் வருகிறது. ஆனால் அடியும் சேர்ந்தே விழுகிறது.

குரல்வளையின் சட்டகம் ஒன்பது குருத்தெலும்புகளால் ஆனது. மூன்று தனித்தவை, மூன்று இணைகள். கழுத்தின் முன்னால் கைக்குத் தட்டுப்படுவது கேடயக் குருத்தெலும்பு. அதன் இரு தகடுகளும் சேரும் கோணம் ஆண்களுக்கு ஏறக்குறைய 90 பாகை, பெண்களுக்கு 120 பாகை என்பதால்தான் ஆண்களின் கழுத்தில் அது துருத்திக்கொண்டு தெரிகிறது. அதன் கீழே முழு வளையமாக அமைந்த வளையக் குருத்தெலும்பு. அந்த வளையத்தின் பின்விளிம்பில் ஏறி உட்கார்ந்திருக்கும் இரண்டு சிறிய அரிட்டினாய்டு குருத்தெலும்புகள்தாம் நாண்களைப் பிடித்து இழுத்துத் திறந்து மூடுபவை. குரல் நாணின் நீளம் ஆண்களுக்குத் தோராயமாக 17 முதல் 21 மில்லிமீட்டர், பெண்களுக்கு 11 முதல் 15 மில்லிமீட்டர். இத்தனை சிறிய திசு வாழ்நாள் முழுவதும் நம் பேச்சைத் தாங்குகிறது என்பது, இத்தனை காலம் பார்த்த பிறகும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஒலி பிறக்கும் விதம் பற்றிப் பல தவறான எண்ணங்கள் உள்ளன. ஒவ்வோர் அதிர்வுக்கும் மூளையிலிருந்து ஒரு நரம்புத் துடிப்பு வருகிறது என்று 1950இல் பிரான்ஸைச் சேர்ந்த ரவுல் யூசோன் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். அது நிற்கவில்லை. தசைகள் நாண்களை ஒன்றருகே ஒன்றாகக் கொண்டுவந்து அவற்றின் இழுவிசையைச் சரிசெய்கின்றன. அதன் பிறகு அவற்றை அதிரவைப்பது நுரையீரலிலிருந்து வரும் காற்றும் திசுவின் மீள்தன்மையுமே என்று 1958இல் வான் டென் பெர்க் வகுத்துச் சொன்னார். இன்று நாங்கள் கற்பதும் கற்பிப்பதும் அதன் விரிவுதான். ஆண் குரலில் இந்தத் திறப்பும் மூடலும் பேச்சின்போது நொடிக்கு 100 முதல் 125 முறை வரையிலும், பெண் குரலில் 200 முறை அளவிலும் நிகழ்கின்றன. மனிதக் குரல்வளையின் எந்தத் தசையாலும் நரம்பின் கட்டளைப்படி இந்த வேகத்தில் சுருங்கி விரிய முடியாது.

அதிர்வது நாண் முழுவதும் அன்று. ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1974இல் விளக்கியபடி குரல் நாண் அடுக்கடுக்கானது. மேலே மெல்லிய தோலணு அடுக்கு, அதன் கீழே கூழ்போன்ற தளர்ந்த அடுக்கு, அதற்கும் கீழே இழைகள் செறிந்த நாண் பகுதி, எல்லாவற்றுக்கும் அடியில் தசை. உங்கள் புறங்கைத் தோலை ஒரு விரலால் லேசாக நகர்த்திப் பாருங்கள், அடியிலிருக்கும் எலும்பு அசையாமலே தோல் மட்டும் வழுக்கிச் செல்லும். குரல் நாணிலும் அப்படித்தான், மேலடுக்கு கீழடுக்கின் மேல் வழுக்கி அலையலையாக எழுகிறது. அந்த அலை தடையின்றி ஓடினால் குரல் தெளிவாக இருக்கும். அது எங்கேனும் தடைப்பட்டால், அல்லது நாண்கள் முழுமையாகப் பொருந்தி மூடாமல் இடையே காற்று கசிந்தால், அதுவே நம் காதில் கரகரப்பாகவும் காற்றுக் குரலாகவும் விழுகிறது. இந்த அடுக்கமைப்பைப் புரிந்துகொண்டால் நோய்களையும் சிகிச்சைகளையும் பற்றிய பாதி ஐயங்கள் தீர்ந்துவிடும்.

இனி முடிச்சுகளுக்கு வருகிறேன். அவை ஏறத்தாழ எப்போதும் இரு நாண்களிலும் எதிரெதிராக, நாணின் முன் மூன்றில் ஒரு பங்கும் நடுப்பங்கும் சந்திக்கும் இடத்திலேயே உண்டாகின்றன. அதிரும் சவ்வுப் பகுதியின் நட்டநடு இடம் அதுதான், நாண்கள் ஒன்றோடொன்று மிக வேகமாக மோதுவதும் அங்கேதான். ஒரு கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 200 முறை அதிரும் குரல், நிறுத்தங்களையெல்லாம் கழித்துவிட்டு ஒரு நாளில் மொத்தமாக இரண்டு மணி நேரம் ஒலித்தால், அந்த இரு விளிம்புகளும் 14,40,000 முறை மோதியிருக்கும். சாதாரணப் பேச்சில் இதைத் திசு தாங்கிக்கொண்டு இரவில் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இரைச்சலான வகுப்பில் குரலை உயர்த்தும்போது மோதலின் எண்ணிக்கையும் வேகமும் சேர்ந்தே ஏறுகின்றன. முதலில் மேலடுக்குக்குக் கீழே நீர் கோத்த வீக்கம் தோன்றும். ஓய்வு கிடைத்தால் அது வடிந்துவிடும். கிடைக்காமல் மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோலணு அடுக்கு தடித்து முடிச்சாகிறது. வளர்ந்தவர்களில் இது பெரும்பாலும் பெண்களுக்கு வருகிறது. நாண் குட்டையாக இருப்பதும் அதிர்வெண் கூடுதலாக இருப்பதும் இதற்கு ஏற்கத்தக்க காரணங்கள், ஆனால் முழுக் காரணமும் அவைதாமா என்பது முடிந்த விவாதம் அல்ல. சிறுவர்களிலோ கூச்சலிட்டு விளையாடும் ஆண் பிள்ளைகளுக்கே அதிகம், அவர்களில் பெரும்பாலோருக்கு மகரக்கட்டு உடையும் வயதில் தானாகவே மறைந்துவிடுகிறது.

ஆகவே உங்கள் ஆழ்ந்த கேள்விக்கு என் விடை: உறுப்பு கெட்டுவிடவில்லை, தாங்கக்கூடியதற்கு மேல் அடி வாங்கியிருக்கிறது. முடிச்சு அந்த அடியின் விளைவே. அடிக்கும் முறை மாறாமல் முடிச்சை மட்டும் வெட்டியெடுத்தால், அதே இடத்தில் அது மீண்டும் வருவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. இதனால்தான் முடிச்சுகளுக்கு முதல் சிகிச்சையாகக் குரல் பயிற்சியையே உலகெங்கும் பரிந்துரைக்கிறார்கள். நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சையையும் பயிற்சியையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட தரமான ஆய்வுகளைத் தேடிய, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வுக்கு, 2012இல் புதுப்பித்தபோதும் தகுதியான ஓர் ஆய்வும் கிடைக்கவில்லை. பயிற்சியே முதலில் என்பது திசுவைப் பற்றிய அறிவும் நீண்ட நடைமுறை அனுபவமும் சேர்ந்து தரும் முடிவு. நானும் அதையே நம்பிப் பின்பற்றுகிறேன், ஆனால் அதன் சான்றின் தரம் இவ்வளவுதான்.

குரல் பயிற்சி என்றதும் பாட்டு வகுப்பு போல எதையோ கற்பனை செய்ய வேண்டாம். நாண்கள் ஒன்றையொன்று அறையாமல் மெல்லத் தொட்டுக்கொள்ளும் நிலையில் குரல் எழுப்பப் பழகுவதே அதன் சாரம். மெல்லிய உறிஞ்சுகுழலை உதடுகளுக்கிடையே வைத்து அதன் வழியே 'ஊ' என்று ஒலிப்பது, உதடுகளைப் படபடவென்று அதிரவிட்டபடி குரல் கொடுப்பது, முனகுவது முதலிய பயிற்சிகளில் வாய்ப்பக்கம் குறுகியிருப்பதால் காற்றின் அழுத்தம் திரும்பிவந்து நாண்களைச் சற்று விலக்கிப் பிடிக்கிறது, அவை குறைந்த மோதலோடு அதிர்கின்றன. அந்த உணர்வைப் பிறகு சொற்களுக்கும் வாக்கியங்களுக்கும் கொண்டுசெல்கிறோம். இதோடு நாள்முழுக்கச் செருமிக்கொண்டே இருக்கும் பழக்கத்தை விடவேண்டும். செருமுதல் இரு நாண்களையும் ஓங்கி உரசவிடும் செயல். ஆசிரியர்களுக்கு நான் தயக்கமின்றிச் சொல்லும் இன்னொன்று, இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கி. 2002இல் அமெரிக்காவில் குரல் கோளாறுள்ள ஆசிரியர்களிடம் நடத்திய ஒப்பீட்டு ஆய்வில், குரலைப் பேணும் முறைகளை மட்டும் கேட்டுச் சென்றவர்களைவிட ஒலிபெருக்கி அணிந்து பாடம் நடத்தியவர்களே தெளிவான முன்னேற்றம் கண்டார்கள். அறிவுரை கேட்பது எளிது, நாற்பது குழந்தைகளுக்கு முன்னால் அதைக் கடைப்பிடிப்பது கடினம் என்பதால் இந்த முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை. முன்னேற்றம் வாரங்களில் தொடங்கி மாதங்களில் நிலைபெறும். முடிச்சின் தடயம் படத்தில் எஞ்சியிருந்தும் குரல் நன்றாகிவிடுவது உண்டு. உங்களுக்குத் தேவை பயன்படும் குரலே, ஆகையால் அப்போது படத்தை எண்ணி வருந்த வேண்டியதில்லை.

இனி ஐயத்துக்குரியவை. அமில மாத்திரையை எடுத்துக்கொள்வோம். வயிற்றமிலம் தொண்டைவரை ஏறிவந்து குரல்வளையைப் புண்படுத்த முடியும் என்பது உண்மை. ஆனால் நெஞ்செரிச்சல் ஏதுமின்றித் தொண்டைத் தொல்லை மட்டும் உள்ளவருக்கு இந்த மாத்திரை உதவுமா என்பது வேறு கேள்வி. பிரிட்டனில் பல மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், நாள்பட்ட தொண்டைத் தொல்லை உள்ளவர்களுக்கு 16 வாரம் லான்சபிரசோல் என்ற அமிலக் குறைப்பு மாத்திரையைக் கொடுத்தும், மருந்தில்லாத போலி மாத்திரையைவிட அது கூடுதல் பயன் தரவில்லை. உங்களுக்கு நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ இருந்தால் அதற்கான சிகிச்சை தனியாக நியாயமானதே. அது முடிச்சைக் கரைக்கும் என்று எதிர்பார்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

குசுகுசுப்பது குரலுக்கு ஓய்வு என்பதும் அப்படி ஏற்கத்தக்கதன்று. குசுகுசுக்கும்போது குரல்வளையைப் படம்பிடித்துப் பார்த்த ஆய்வில் பெரும்பாலோருக்கு நாண்களுக்கு மேலுள்ள பகுதி வழக்கத்தைவிட அதிகமாக நெருக்கியது. சிலருக்கு மாற்றமே இல்லை, வேறு சிலருக்குக் குறைந்தும் இருந்தது. நீங்கள் எந்த வகை என்று பார்க்காமல் சொல்ல இயலாது. எனவே பேச வேண்டிய இடத்தில் தணிந்த, இயல்பான குரலில் பேசுங்கள். மாதக்கணக்கான முழு மௌனம் தேவையில்லை. வீக்கம் வடிய அது உதவலாம், ஆனால் மௌனத்தை முடித்து அதே பழைய முறையில் பேசத் தொடங்கிய நாளிலிருந்து கதை மீண்டும் ஆரம்பிக்கும். தண்ணீர் குடிப்பதைப் பற்றியும் ஒரு சொல். குடிக்கும் நீர் நாண்களைத் தொடுவதே இல்லை, தொட்டால் புரையேறிவிடும். உடலில் நீர் குறையாமல் இருந்தால் நாண்களின் மேலுள்ள ஈரப்படலம் நீர்த்து வழுவழுப்பாக இருக்கும் என்பது ஏற்கத்தக்கது. எவ்வளவு குடித்தால் எவ்வளவு நன்மை என்று அளந்து கூறும் சான்று மெலிதானது.

இவையெல்லாம் உங்களுக்கு இருப்பது முடிச்சே என்றால் பொருந்தும். அதை நிச்சயித்துக்கொள்வதில்தான் நான் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். 1854இல் மனுவேல் கார்சியா என்ற இசையாசிரியர் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் குரல்வளையைத் தாமே பார்த்தார். அன்று முதல், பார்க்காமல் குரலுக்குச் சிகிச்சை அளிக்க எவருக்கும் காரணம் இல்லாமற் போயிற்று. இன்று சாதாரண எண்டோஸ்கோப்பால் வீக்கம் தெரியும், ஆனால் மேலடுக்கின் அலை தெரியாது. அதற்கு ஸ்ட்ரோபோஸ்கோபி வேண்டும். குரலின் அதிர்வெண்ணிலிருந்து இம்மியளவு விலகிய வேகத்தில் ஒளியை விட்டுவிட்டுப் பாய்ச்சும்போது நாண்கள் மெதுவாக அசைவதுபோல் கண்ணுக்குத் தெரியும். ஒரு நாணுக்குள் புதைந்த நீர்க்கட்டியும், அது மோதியதால் எதிர்நாணில் எழுந்த தடிப்பும் சேர்ந்து முடிச்சு போலவே தோன்றுவது உண்டு. நீர்க்கட்டியுள்ள பக்கத்தில் அலை நின்றுவிடுவதைக் கொண்டே அதை இனம் காண்கிறோம். நீர்க்கட்டி பயிற்சியால் போகாது.

இதே கரகரப்போடு படிக்கும் மற்றவர்களுக்காகவும் சில சொற்கள். சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொள்வது பெரும்பாலும் வைரஸால் வருவது, இரண்டு வாரங்களுக்குள் அடங்கிவிடும், ஆன்டிபயாட்டிக் அதற்கு உதவாது. நான்கு வாரங்களைத் தாண்டிய எந்தக் கரகரப்புக்கும் குரல்வளையைப் பார்த்தே ஆகவேண்டும். புகைப்பவர்கள், கழுத்தில் கட்டி உள்ளவர்கள், விழுங்க வலிப்பவர்கள், சளியில் இரத்தம் காண்பவர்கள், மூச்சு இழுக்கையில் ஓசை எழுபவர்கள் அந்த நான்கு வாரங்கள்கூடக் காத்திருக்கக் கூடாது. குரல் நாணிலேயே தோன்றும் புற்றுநோய் மிகச் சிறிதாக இருக்கும்போதே குரலைக் கெடுத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அங்கே நிணநீர் நாளங்கள் அரிது என்பதால் பரவுவதும் தாமதமாகிறது. அந்தக் கட்டத்தில் கண்டவர்களில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். மாதக்கணக்கில் இருமல் மருந்து குடித்துக் காலம் கடத்தியவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் நோகிறது. ஒருபக்க நாண் அசையாமல் நின்றுபோவதும் கரகரப்பாகவே தொடங்கலாம். இடப்பக்க நாணை இயக்கும் நரம்பு மூளையிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்குள் இறங்கிப் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலே ஏறி வருகிறது. ஆகவே நுரையீரலிலோ பெருந்தமனியிலோ உள்ள நோயின் முதல் அறிகுறி குரலில் தெரியக்கூடும். தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குரல் மாற்றத்துக்கும் இந்த நரம்பின் காயம் ஒரு காரணம்.

மீண்டும் உங்களிடம் வருகிறேன். அறுவை சிகிச்சைக்கு இடமே இல்லை என்று நான் கூறவில்லை. முறையான பயிற்சியைச் சில மாதங்கள் உண்மையாகச் செய்தும் குரல் உங்கள் தொழிலுக்குப் போதாமல் நின்றுவிட்டால், அல்லது ஸ்ட்ரோபோஸ்கோபியில் அது நீர்க்கட்டியோ பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியோ என்று தெரிந்தால், நுண்ணோக்கியின் கீழ் செய்யும் அறுவை சிகிச்சை நல்ல பலன் தரும். அதில் நான் அஞ்சுவது வடுவைத்தான். கத்தி ஆழமாகப் போய்க் கூழடுக்கைச் சேதப்படுத்தினால் மேலடுக்கு கீழடுக்கோடு ஒட்டிக்கொண்டு அலை எழாமல் போகும், அதைச் சரிசெய்ய இன்றுவரை நம்பகமான வழி இல்லை. எனவே குரல் அறுவையில் தேர்ந்தவரையே நாடுங்கள். செய்த பிறகும் சில நாள் மௌனமும் அதையடுத்துப் பயிற்சியும் தேவைப்படும். எத்தனை நாள் மௌனம் என்பதில் மருத்துவர்களிடையே வேறுபாடு உண்டு. 2017இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில் ஏழு நாள் மௌனம் காத்தவர்களைவிட மூன்று நாளில் பேசத் தொடங்கியவர்களின் குரல் நன்றாக மீண்டது.

இப்போதைக்கு அறுவைக்குத் தேதி குறிக்க வேண்டாம். முதலில் ஸ்ட்ரோபோஸ்கோபி செய்துகொள்ளுங்கள், அதன் காணொளிப் பதிவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது முடிச்சேயென்று உறுதியானால் குரல் சிகிச்சையாளரிடம் பயிற்சியைத் தொடங்கி, மறுநாளே வகுப்பில் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தத் தொடங்குங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பதிவெடுத்து, இரண்டையும் அருகருகே வைத்து உங்கள் மருத்துவரோடும் சிகிச்சையாளரோடும் உட்கார்ந்து பாருங்கள். அறுவை வேண்டுமா என்பதை அந்த ஒப்பீட்டுக்குப் பிறகு முடிவு செய்தால் போதும். முடிச்சுகளில் இந்தக் காத்திருப்பால் நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை.